இருபது வரை எண்ணினால் போதுமா? குழந்தைகளும் கை கழுவும் பழக்கமும்: ஒரு விவாத இழை

செப்டம்பர் 8 (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

என் மகனுக்கு ஆறு வயது. கை கழுவு என்று நாளொன்றுக்குப் பத்து முறையாவது சொல்கிறேன். கிருமிகளின் படங்களைக் காட்டினேன். வயிற்றுவலி வரும், ஊசி போட வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தியும் பார்த்தேன். இரண்டு நாள் ஒழுங்காகக் கழுவுகிறான், மூன்றாம் நாள் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடிவிடுகிறான். பயமுறுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? அல்லது இந்த வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறாது என்று விட்டுவிட வேண்டியதுதானா?

செப்டம்பர் 8, இரவு (இதுவும் இனி வரும் பதிவுகளும் பதில் எழுதும் ஒரே தந்தையுடையவை)

விட்டுவிட வேண்டியதில்லை, பயமுறுத்தவும் வேண்டியதில்லை. பயமுறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் செய்து பார்த்தவன் நான். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கிருமிகளைப் பல்லும் கொம்பும் உள்ள குட்டி அரக்கர்களாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டிவைத்தேன். முதல் வாரம் பலன் அமோகமாக இருந்தது. இரண்டாம் வாரம் அவள் குழாயைத் திறக்கவே தயங்கினாள், ஏனெனில் குழாயின் மீதும் ஓர் அரக்கன் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? மூன்றாம் வாரம், வகுப்பில் சளி பிடித்திருந்த ஒரு சிறுவனின் பக்கத்தில் உட்கார மறுத்து, அவனைக் 'கிருமி' என்று அழைத்திருக்கிறாள். அந்தப் பெயர் வகுப்பு முழுவதும் ஒட்டிக்கொண்டது. அவனுடைய சளி ஐந்து நாளில் போய்விட்டது; பெயர் போக ஒரு மாதம் ஆயிற்று. அந்தச் சிறுவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போய் நின்றபோதுதான், என் வீட்டிலிருந்து எது பரவியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சத்தால் கழுவும் குழந்தைக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிவதில்லை. மகளின் புறங்கைத் தோல் வறண்டு, வெடித்து, சோப்பு பட்டாலே எரியத் தொடங்கியது. வெடித்த தோலில் கிருமிகள் எளிதாகத் தங்கும். ஆக, எதைத் தவிர்ப்பதற்காக அந்த அரக்கர்களை வரைந்தேனோ அதற்கு நானே வழி அமைத்துக் கொடுத்திருந்தேன்.

செப்டம்பர் 8, நள்ளிரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். கிருமி என்ற சொல்லையே குழந்தையிடம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதுபோல் தொனிக்கிறது. அப்படியில்லை. உண்மையைச் சொல்லலாம், அளவாகச் சொல்லலாம்: நம் தோலிலும் குடலிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை, சில நமக்கு உதவுகின்றன; வேறு சில, கையிலிருந்து வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் நோய் தருகின்றன. குழந்தைக்குத் தேவையானது அந்தக் கடைசிப் பகுதியில் வரும் பாதை மட்டும்தான்.

அந்தப் பாதையில் கை எத்தனை முறை போய்வருகிறது என்பது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வகுப்பில் அமர்ந்திருந்த 26 மருத்துவ மாணவர்களைக் கவனித்து எண்ணினார்கள். ஒருவர் சராசரியாக மணிக்கு 23 முறை தம் முகத்தைத் தொட்டிருந்தார். அவற்றில் ஏறத்தாழ 44 விழுக்காடு கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் ஈரப்பரப்பைத் தொட்டவை. மருத்துவம் படிப்பவர்களே இப்படி என்றால், ஆறு வயதுப் பையனிடம் 'முகத்தைத் தொடாதே' என்று சொல்லிப் பயனில்லை. தொடத்தான் போகிறான், தொடும் கை கழுவிய கையாக இருக்கட்டும்.

செப்டம்பர் 10

'இருபது நொடி கழுவச் சொல்லுங்கள், இருபது வரை எண்ணச் சொல்லுங்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். என் மகன் இருபது வரை எண்ண எடுத்துக்கொள்ளும் நேரம் ஆறு நொடி. பதிமூன்றும் பதினாறும் அவன் எண்ணிக்கையில் இடம்பெறுவதே இல்லை. மெதுவாக எண்ணு என்றால், உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்து அசையாமல் நின்றுகொண்டு, சாமி கும்பிடுவதுபோல் மெதுவாக எண்ணுகிறான்.

எனவே நொடிகளை விட்டுவிட்டு இடங்களை எண்ணத் தொடங்கினோம். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல் நுனி, இரண்டு கட்டைவிரல், மணிக்கட்டு. இவற்றில் பெரியவர்கள் உட்பட எல்லோரும் தவறவிடுவது கட்டைவிரலையும் விரல் நுனியையும்தான், ஆனால் மூக்குக்கும் வாய்க்கும் முதலில் போவதும் அவைதாம். ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லித் தேய்த்து முடிக்கும்போது, எண்ணாமலேயே இருபது நொடி தாண்டிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம், நனைப்பதில் தொடங்கித் துடைப்பது வரை முழுச் செயலுக்கும் 40 முதல் 60 நொடி சொல்கிறது. குழந்தையிடம் அந்தக் கணக்கை எடுத்தால் குளியலறையில் போர்தான் மூளும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டியதில்லை. சோப்பின் மூலக்கூற்றில் ஒரு முனை நீரோடும் மறுமுனை எண்ணெய்ப் பசையோடும் ஒட்டக்கூடியது. தேய்க்கும்போது பசையையும் அதில் சிக்கிய கிருமிகளையும் தோலிலிருந்து பெயர்த்தெடுக்கிறது, ஓடும் நீர் அடித்துச் செல்கிறது. குளிர்ந்த நீரிலும் இது நடக்கும். அதைவிட முக்கியமானது துடைப்பது. ஈரமான கையில் கிருமிகள் எளிதாக ஏறவும் இறங்கவும் செய்கின்றன. கழுவிய கையைக் கால்சட்டையில் தடவிக்கொண்டு ஓடும் பிள்ளை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

வெளியில் இருக்கும்போது சானிடைசர் போதும், அதில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் சரி.

செப்டம்பர் 12

மிளகுத்தூள் சோதனையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி, அதுவே கிருமி என்று சொல்லி, சோப்பு தடவிய விரலை நடுவில் வைத்தால் தூள் சிதறி ஓரங்களுக்கு ஓடும். குழந்தைகள் கைதட்டுவார்கள். நானும் செய்து காட்டினேன், நானும் கைதட்டினேன். மறுநாள் என் மகன் சோப்பின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்து எடுத்து, 'எல்லாம் ஓடிப்போச்சு அப்பா' என்றான்.

பையன் மீது பிழையில்லை. நான் காட்டியதைத்தான் அவன் கற்றிருக்கிறான். அந்தச் சோதனையில் நடப்பது, சோப்பு பட்டதும் நீரின் பரப்பு இழுவிசை குறைவதும், மிதக்கும் தூள் வெளிப்பக்கம் இழுக்கப்படுவதும் மட்டுமே. கையில் கிருமிகள் அப்படி ஓடுவதில்லை. தேய்த்துத்தான் அகற்ற வேண்டும். தேய்ப்பதுதான் பாடம் எனும்போது, தேய்க்கவே தேவையில்லை என்று காட்டும் வித்தையைப் பாடமாக வைத்துவிட்டேன். இயற்பியல் கற்பிக்க வேண்டுமானால் அந்தத் தட்டை வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 13

மிளகுத்தூளுக்குப் பதில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நீலச் சாக்கட்டியைப் பொடித்து, லேசாக எண்ணெய் தடவிய என் மகளின் வலக்கையில் பூசினேன். வழக்கம்போல் அரை மணி நேரம் விளையாடு, பிறகு நீலம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடுவோம் என்றேன். கதவுப் பிடியில் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில், தொலைக்காட்சி ரிமோட்டில், தம்பியின் காதில், அவளுடைய மூக்கின் கீழ் மீசைபோல் இருந்தது. தம்பியின் கை வழியாக, அவள் தொடவே தொடாத பொம்மை ஒன்றிலும் இருந்தது. எல்லாவற்றையும் விடத் தடிமனாக நீலம் படிந்திருந்தது என் கைப்பேசியில். அவள் அதைத் தொட்டதே எனக்குத் தெரியாது.

பிறகு வெறும் நீரில் கழுவிப் பார்த்தாள். எண்ணெயோடு சேர்ந்த நீலம் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கட்டைவிரல் மடிப்பைத் தவிர எல்லாம் போனது. அதற்குப் பிறகு நான் கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டியிருக்கவில்லை. அரக்கர் படம் மூன்று வாரத்தில் செய்யாததை அந்த ஒரு மடிப்பு செய்தது. சுவரைச் சுத்தம் செய்ததைப் பற்றி என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர் 17

இன்று பேச்சுக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இந்த இழையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

வங்கதேசத்தின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. பாடம் நடத்தவில்லை, சுவரொட்டி ஒட்டவில்லை. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பளிச்சென்ற வண்ணத்தில் பாதை போட்டு, அதில் பாதச் சுவடுகளையும், கை கழுவும் இடத்தில் கைத்தடங்களையும் வரைந்துவைத்தார்கள். அதற்கு முன் கழிப்பறை போய்வந்து சோப்பால் கை கழுவிய பிள்ளைகள் 4 விழுக்காடு. வண்ணம் பூசி முடித்த மறுநாளே அது 68 ஆயிற்று. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் 74 விழுக்காடாக இருந்தது. பிள்ளைகளின் அறிவில் எதையும் சேர்க்காமல், அவர்கள் கால்கள் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் தரை சொன்னது.

இதைப் படித்த அன்று என் வீட்டுக் குளியலறையில் முழங்காலிட்டு, என் மகனின் உயரத்திலிருந்து பார்த்தேன். சோப்பு அவனுக்கு எட்டாது. குழாயின் பிடி எட்டும், ஆனால் திருகும் வலு அவனுக்கு இல்லை. துண்டு கதவுக்குப் பின்னால், என் தோள் உயரத்தில் தொங்குகிறது. இத்தனை நாளும் 'சோப்பு போட்டாயா' என்று அவனிடம் கத்திக்கொண்டிருந்த மனிதன், சோப்பை அலமாரி மேல் வைத்தவன். ஒரு முக்காலி, தாழ்வாக ஒரு சோப்புக் கிண்ணம், அவன் உயரத்தில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். கத்துவது பாதியாகக் குறைந்தது.

பள்ளிகளைப் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில்தான். என் மகள் முன்பு படித்த பள்ளியில், பிள்ளைகள் வீணாக்குகிறார்கள் என்று சோப்பை அலுவலக அறையில் பூட்டிவைத்திருந்தார்கள். கை கழுவும் முறை பற்றிய ஓவியப் போட்டி மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தது.

செப்டம்பர் 18

'ஒரே சோப்புக் கட்டியை எல்லோரும் தொட்டால் அதிலிருந்தே தொற்றாதா?' நியாயமான சந்தேகம்தான், எனக்கும் இருந்தது. 1988-இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: வேண்டுமென்றே பாக்டீரியாவை ஏற்றிய சோப்புக் கட்டிகளால் கழுவியவர்களின் கைகளில் அந்தப் பாக்டீரியா கண்டறியக்கூடிய அளவில் இல்லை. நீர் வடியும் கிண்ணத்தில் கட்டியை உலரவிட்டால் போதும்.

'கிருமிகளைக் கொல்லும்' என்று அச்சிட்ட விலை கூடிய சோப்பு தேவையா என்பது இதன் தம்பிக் கேள்வி. கராச்சியில் நடந்து 2005-இல் வெளியான பெரிய கள ஆய்வில், சோப்புக் கொடுத்துக் கை கழுவ ஊக்குவித்த குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா, மற்றக் குடும்பங்களைவிடப் பாதியாகக் குறைந்தது. வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. சாதாரண சோப்புக்கும் பாக்டீரியா எதிர்ப்புச் சோப்புக்கும் இடையே அதில் வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிக்கொல்லி வேதிப்பொருள்களைக் கை கழுவும் சோப்புகளிலிருந்து 2016-இல் விலக்கியது. குழந்தைக்குப் பிடித்த மணம் எதுவோ அதை வாங்குங்கள்.

செப்டம்பர் 22

கை கழுவினால் எல்லாம் தீரும் என்ற எண்ணம் இந்த இழையில் பரவுவதால் ஓர் எச்சரிக்கை. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கக்கூடியது. அதற்கு முன்னால் சோப்பு செய்யக்கூடியது அதிகமில்லை, தடுப்பூசிதான் வழி. இன்ஃபுளுவென்சா, அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. சின்னம்மையும் கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவும். நோய் வந்த பின் பழக்கத்தைத் தொடங்கினால் தாமதமாகிவிடும் என்பதற்கும், நோயுற்ற பிள்ளையைக் குற்றவாளிபோல் நடத்துவதில் பொருளில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

தும்மலைப் பொறுத்தவரை, உள்ளங்கையால் பொத்தக் கற்றுக்கொடுத்த தலைமுறை நாம். பொத்திய கையோடு அடுத்து ஒரு கதவைத் திறக்கிறோம். முழங்கை மடிப்பில் தும்மச் சொல்லிக்கொடுங்கள். அந்த இடத்தால் யாரும் எதையும் தொடுவதில்லை. சொல்லும்போது 'உன் முழங்கை' என்று தெளிவாகச் சொல்லவும். என் மகன் முதல் வாரம் ஓடிவந்து என் முழங்கையில் தும்மினான்.

செப்டம்பர் 23

'இப்படியெல்லாம் வளர்த்தால் எதிர்ப்புச் சக்தியே வராது, நாங்கள் மண்ணில் புரண்டுதான் வளர்ந்தோம்' என்றவருக்கு. பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராகன் 1989-இல் முன்வைத்த கருத்திலிருந்துதான் இந்த வாதம் புறப்பட்டது: உடன்பிறந்தோர் அதிகமுள்ள குடும்பங்களில் ஒவ்வாமைச் சளி குறைவாக இருந்ததை அவர் கண்டார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி, நமக்குப் பழக்கமான மண், தாவரம், விலங்கு ஆகியவற்றின் நுண்ணுயிர்களோடு உள்ள தொடர்புதான் முக்கியம் என்றார்கள். அதன்படி பார்த்தால் மண்ணில் புரள்வதை யாரும் தடுக்கவில்லை. புரளட்டும், சாப்பிடும் முன் கழுவட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் எதிர்ப்புச் சக்தி வளரும் என்று அந்த ஆய்வாளர்கள் எவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 1

செப்டம்பர் 10-இல் 'வெளியில் சானிடைசர் போதும்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கடந்த ஐந்து நாள்களாக எங்கள் வீட்டில் வாந்தி. முதலில் மகன், 30 மணி நேரத்துக்குள் மகள், பிறகு நான். நோரோவைரஸ் என்றார் மருத்துவர். மகனுக்கு வாந்தியைத் துடைத்துவிட்ட ஒவ்வொரு முறையும் நான் பெருமையோடு சானிடைசரைப் பூசிக்கொண்டேன். அந்தக் கிருமியைச் சானிடைசர் ஒழுங்காக அழிப்பதில்லை. சோப்பும் நீரும் கொண்டு தேய்த்து அகற்றுவதே வழி. சில பத்து நுண்துகள்கள் வாய்க்குப் போனாலே தொற்றக்கூடியது அது. நலமடைந்த பின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். 'சரியாகிவிட்டது' என்று கழிப்பறைக்குப் பின்னான கை கழுவலைத் தளர்த்தினால் அடுத்த சுற்று தொடங்கும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

சானிடைசர் பற்றி இன்னொரு வரி: அழுக்கோ பசையோ கண்ணுக்குத் தெரியும் கையில் அது சரியாக வேலை செய்யாது; சிறு பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டால் ஆபத்து. பூட்டி வைக்க வேண்டியது அதைத்தான், சோப்பை அல்ல.

அக்டோபர் 6

நகத்தைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? சொல்லக் கூச்சமான காரணத்தால்தான் நானும் பேசாமல் இருந்தேன். சென்ற ஆண்டு மகள் இரவில் தூக்கமின்றி அரிப்பால் புரண்டாள்; குடலில் வாழும் சிறு வெள்ளைப் புழுவான நூற்புழுதான் காரணம். அதன் பெண் புழு இரவில் ஆசனவாய்ப் பகுதிக்கு வந்து முட்டையிடுகிறது. சொறியும்போது முட்டைகள் நக இடுக்கில் ஏறி, காலையில் வாய்க்குத் திரும்பிப்போகின்றன. துணியிலும் விரிப்பிலும் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். வீட்டில் எல்லோரும் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிக்கவைத்தோம். அசுத்தமான வீட்டில் மட்டுமே இது வரும் என்று எண்ணி நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் வரும். நான் அன்றே சொல்லியிருந்தால், அவளுடைய தோழியின் வீட்டிலும் அப்போதே மருந்து எடுத்திருப்பார்கள். எங்களுக்கு இரண்டாவது முறை வந்திருக்காது.

அக்டோபர் 15

இன்று உலகக் கை கழுவும் நாள். 2008 முதல் கொண்டாடுகிறார்கள். மகளுக்கு ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸின் கதையைச் சொன்னேன். வியன்னா பொது மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில் 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் 18 தாய்மார்கள் காய்ச்சலால் இறந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்துவிட்டு வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டே பிரசவம் பார்க்க வேண்டும் என்று மே மாதத்தில் அவர் விதித்தார். ஜூனில் இறப்பு 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. ஆனாலும் மருத்துவர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கைதான் நோயைக் கொண்டுவந்தது என்று ஒப்புக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

மகள் கேட்டாள்: 'பெரியவங்களே கழுவ மாட்டேன்னு சொன்னாங்களா?' ஆமாம் என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். நான் வெளியிலிருந்து வந்து நேராக உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கியிருந்தேன். எழுந்து போய்க் கழுவினேன்.

அக்டோபர் 19

முதல் கேள்வி கேட்டவர், முக்காலி வாங்கிப் போட்டதாகவும் பையன் நான்கு நாளாகச் சொல்லாமலேயே கழுவுவதாகவும் எழுதியிருக்கிறார். நான்கு நாளை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் தவறும் நாள்கள் உண்டு. சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், மூக்கைச் சிந்திய பின், வெளியிலிருந்து வந்ததும் என்ற நான்கு வேளைகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் கண்டும் காணாமல் விடுங்கள். இரண்டாம் வாரத்தில் பையன் தண்ணீரில் கப்பல் விடத் தொடங்குவான், அப்போது மட்டும் குழாயை மூடினால் போதும்.

எங்கள் முக்காலியின் ஒரு கால் ஆடுகிறது. மகன் ஏறி நிற்கும்போது மகள் அதைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் ஆயிற்றா என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கிறேன் என்று சொல்லி மூன்று வாரமாகிறது.